ஐந்தடி ஓரங்குல ஒழுங்கை

நாவற்குடாவில் நல்லரத்தினத்தின் கடைசி மகளுக்குக் கட்டிய வீட்டுக்குப் போகும் ஒழுங்கை ஐந்தடி ஓரங்குல அகலம். வாவியிலிருந்து கரையேறும் நண்டுகள் வேறெங்கும் பக்கவாட்டில்தான் நடக்கும். அந்த ஒழுங்கைக்குள் மட்டும் நேராக நடக்கப் பழகிவிட்டன. இளஞ்சினையாக உள்ளே போன ஒரு பசு, கன்று போட்ட பிறகுதான் வெளியே வந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். குடை மட்டும் கொண்டு போக வேண்டாம், விரிக்க இடமில்லை.

ஒழுங்கை அப்படி ஒடுங்கியதற்கு யாருடைய பொல்லாத மனதும் காரணமில்லை. நல்லரத்தினத்தின் நேர்மைதான் காரணம். அவருக்கு நாலும் பெண். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்து வருவதுதான் அந்தப் பக்கத்து முறை என்பதால், தன் வளவுக் காணியை நாலாகப் பிரித்தார். நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் நாடா பிடித்த மனிதர். அரை அங்குலம் கூடக் குறைய வந்தால் அவருக்கு அன்றிரவு சோறு இறங்காது. நாலு பங்கையும் அப்படி அச்சொட்டாக அளந்து முடித்தபோது, மிஞ்சியது ஒழுங்கை. பிறகு மருமக்கள் மூவரும் மதில் கட்டினார்கள். மேசன்மார் நூல் பிடித்தது எல்லைக்கோட்டின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து. ஒழுங்கையிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இப்போது கடைசி மகள் ஆர்த்திகாவுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை நிலோஜன், செங்கலடியைச் சேர்ந்தவன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூடத்தில் வேலை. குணமான பிள்ளை, அதிகம் கதைக்க மாட்டான். பெட்டி போல உயரமான சின்ன ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தான். அதைப் பற்றி மட்டும் கேட்டால் கதைப்பான். அவனுடைய தாய்மாமன் மூத்ததம்பிப் போடியார் கரடியனாற்றில் வயல் உள்ளவர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி.

“நகை வேணாம், தளபாடம் வேணாம். காரை வளவுக்குள்ள கொண்டு போய் நிப்பாட்டலாமா? அதச் சொல்லுங்க.”

கேட்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. அவர் மாப்பிள்ளையாக மாமனார் வீட்டுக்குப் போன காலத்தில், வளவுக்குள் இடமில்லாமல் தன் புதுக்காரைத் தெருவில் விட்டார். விடியற்காலையில் ஒரு யானை வந்து அதில் குந்தியது. யானைக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, களைத்துப்போய் வந்திருந்தது என்று போடியாரே சொல்வார். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு சத்தியம் செய்தார்: தன் குடும்பத்தில் எவனும் காரைத் தெருவில் விட வேண்டிய வீட்டில் பெண் எடுக்கப் போவதில்லை.

நல்லரத்தினம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. போடியார் கொண்டு வந்திருந்த காரின் பத்திரத்தைப் பார்த்தார். அகலம் நாலடி பத்தங்குலம் என்று கணக்கு வந்தது. போய் ஒழுங்கையை அளந்தார். மிக ஒடுக்கமான இடத்தில் ஐந்தடி ஓரங்குலம்.

“மூண்டு அங்குலம் மிச்சம் போடியார்” என்றார். “பக்கத்துக்கு ஒண்டரை. கார் வளவுக்குள்ள நிக்கும். இது என்ட வாக்கு.”

“அப்ப வாற ஞாயிறு நாலு மணிக்குக் காரோட வாறம். கார் உள்ளுக்குப் போனா அண்டைக்கே நாள் வைப்பம். போகாட்டி தேத்தண்ணிய மட்டும் குடிச்சுப்போட்டு எழும்புறம். மனத்தாபம் ஒண்டுமில்ல.”

ஆர்த்திகா குசினி வாசலில் நின்று இதைக் கேட்டாள். அவளும் நிலோஜனும் வளாகத்து நூலகத்தில் ஒரே மேசையில் ஒன்றரை வருடம் இருந்து படித்தவர்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நல்லரத்தினத்தைத் தவிர. அவர் தானே தேடிக் கண்டுபிடித்த மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பை யாரும் குலைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி கண்ணகை, “இஞ்சாருங்க, எதுக்கும் ஒருக்கா ஓட்டிப் பாத்தா என்ன?” என்றாள்.

“நான் அளந்தது.”

“நீங்க அளந்ததுதான். ஒருக்கா ஓட்டிப் பாருங்களன்.”

இந்த இரண்டு வசனங்களையும் அவர்கள் நாலைந்து முறை மாறி மாறிச் சொன்ன பிறகு, நல்லரத்தினம் டவுனில் இருந்த எல்மோவுக்குப் போன் எடுத்தார். எல்மோ போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், கார் திருத்துகிறவர், பழைய சிநேகிதன். அவர் மனைவி ஐரீனிடம் மாப்பிள்ளையின் காரைப் போலவே அச்சில் வார்த்த ஒரு கார் இருந்தது. தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசை முடிந்த கையோடு, கோட்டுச் சூட்டோடு எல்மோ வந்து இறங்கினார். இறங்கினார் என்று சொன்னாலும் அது லேசில் நடக்கிற காரியமில்லை. எல்மோ பெரிய உடம்புக்காரர். அவர் ஏறினால் கார் ஒரு பக்கம் சாயும். இறங்கினால் கார் ஒரு பெருமூச்சு விட்டு நிமிரும்.

அவர் ஒழுங்கையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மீண்டும் ஏறிக்கொண்டார்.

“அண்ணன், இதவிட ஒடுக்கமான பாதையால நான் லொறியே கொண்டு போயிரிக்கன்” என்றார். “ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி விடுறன். நீங்க முன்னுக்குப் போய் நிண்டு கையைக் காட்டுங்க.”

நல்லரத்தினம் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக நடந்தபடி இரண்டு கையையும் தூக்கி, “வரலாம், வரலாம், வரலாம்” என்றார். கார் வந்தது. வாசலில் ஒழுங்கை ஐந்தரை அடி. அங்கே ஒரு கரைச்சலும் இல்லை. பன்னிரண்டு அடி உள்ளே வந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ‘கறக்’ என்று ஒரு சத்தம். கார் நின்றது.

“வரலாம்” என்றார் நல்லரத்தினம்.

“வர ஏலா அண்ணன்.”

“மூண்டு அங்குலம் இரிக்கி.”

“உங்கட மூண்டு அங்குலத்துக்குள்ளதான் என்ட ரெண்டு கண்ணாடியும் நிக்கிது.”

நல்லரத்தினம் குனிந்து பார்த்தார். மடக்கி வைத்திருந்தாலும் கண்ணாடிகள் இரண்டும் காரின் காது போல இந்தப் பக்கம் இரண்டரை அங்குலம், அந்தப் பக்கம் இரண்டரை அங்குலம் வெளியே நின்றன. அந்த இரண்டு காதும் மதிலில் போய் இறுகியிருந்தன. காருக்குக் காது இருக்கிறது என்பதைக் காரின் பத்திரம் சொல்லவில்லை. நிலத்துக்குக் காது கிடையாது என்பதால் நல்லரத்தினமும் அதைக் கேட்டுப் பழகவில்லை.

“சரி, பின்னுக்கு எடு.”

எல்மோ பின்னுக்கு எடுத்துப் பார்த்தார். முன்னுக்கு வரும்போது மடங்கிக் கொடுத்த கண்ணாடி, பின்னுக்குப் போகும்போது விரிந்து மதிலைக் குத்தியது. வாவியில் இறால் பிடிக்கப் போடுகிற கூட்டில் இறால் எப்படி உள்ளே போய் வெளியே வர முடியாமல் நிற்குமோ, அப்படித்தான் ஐரீனின் கார் நாவற்குடாவில் அகப்பட்டது.

கதவைத் திறக்க இடமில்லை. காரின் பின்கதவால் இறங்கலாம். ஆனால் ஆசனங்களுக்கு நடுவே பின்னுக்குப் போவதற்கு எல்மோவின் உடம்பு சம்மதிக்கவில்லை. ஒரு முறை முயன்று பாதியில் இருந்து யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

கண்ணகை வந்து பார்த்தாள். உள்ளே போய் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

“இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு” என்றார் அவர். “ஒரு மதில உடைச்சா முடிஞ்சுது.”

இடது பக்க மதில் மூன்றாவது மருமகன் ரதீஸுடையது. அவன் ஒரு உரலைக் கவிழ்த்து, அதில் ஏறி நின்று, மதிலுக்கு மேலால் தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

“உடைக்கத்தான் வேணும் மாமா” என்றான் உடனே. “எங்கால உடைக்கிற? அந்தப் பக்கத்து மதில்தானே வெளிய வந்திரிக்கி?”

அந்தப் பக்கத்து மதில் இரண்டாவது மருமகனுடையது. அவர் கட்டாரில் இருந்தார். உடனே போன் எடுத்தார்கள். அவரும் பெருந்தன்மையாக, உடைக்கலாம், ரதீஸ் பக்கத்தை உடையுங்கள் என்றார். இப்படி ஒரு மதிலை உடைக்க இரண்டு மருமக்களும் முழு மனதோடு சம்மதித்தார்கள். எந்த மதில் என்பது மட்டும்தான் பொருந்தவில்லை.

“மதில விடுங்க. கண்ணாடியக் கழட்டுவம்” என்றது காருக்குள்ளிருந்து எல்மோவின் குரல். “கழட்டுற நட்டு உள்பக்கம்தான் இரிக்கி. பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒண்டு தாங்க.”

“உன்ட சாமானெல்லாம் எங்க?”

“பூசைக்கு ஆரு ஸ்பானர் கொண்டு போற?”

ஸ்பானர் ரதீஸின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்தது. அதைக் காருக்குள் கொண்டு போவது யார்? ஆர்த்திகா, “தாங்க அத்தான்” என்று வாங்கினாள். அக்கா தங்கைகள் கறிச்சட்டி மாற்றுவதற்காக மதிலில் விட்டிருந்த சின்னக் கதவால் அக்கா விதுர்ஷாவின் வளவுக்குள் போய், தெருவால் சுற்றி வந்து, காரின் பின்கதவைத் தூக்கி உள்ளே ஊர்ந்தாள். முன்னாசனத்துக்கு வந்து எல்மோவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பையிலிருந்து போனை எடுத்தாள்.

“என்ன மகள் செய்யிற?”

“வீடியோ பாக்கிறன் அங்கிள். இந்தக் கார்ர கண்ணாடிய வீட்டிலயே எப்படிக் கழட்டுற எண்டு ஒருத்தர் போட்டிரிக்கார்.”

எல்மோவுக்கு மனம் நொந்தது. “மகள், நான் கார் திருத்தத் தொடங்கினபோது இந்த வீடியோக்காரன்ட தகப்பன் தவழ்ந்து திரிஞ்சவன். இஞ்ச பாரு, கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு முக்கோண மூடி இரிக்கெல்லா? அதக் கீழால நெம்பணும்.”

“மேலால எண்டு சொல்றார்.”

“கீழால” என்று எல்மோ தன் பக்கத்து மூடியைக் கீழால் நெம்பினார். அது ‘டக்’ என்று உடைந்தது. அவர் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இது முதல்லயே வெடிச்சிருந்தது” என்றார்.

ஆர்த்திகா பையில் கொண்டு வந்த ஒரு கரண்டியின் காம்பில் கைலேஞ்சியைச் சுற்றி, தன் பக்கத்து மூடியை மேலால் மெல்ல நெம்பினாள். முழுசாகக் கையில் வந்தது. உள்ளே மூன்று நட்டும், ஒரு வயர் முனையும். வயர் முனையில் இருந்த கொளுவியை அமத்தி இழுத்துக் கழற்றினாள். பிறகு ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினாள். நட்டுக் கதவுக்குள் விழுந்துவிடாமல் கீழே ஒரு துணியைச் செருகி வைத்திருந்தாள். அதுவும் வீடியோக்காரர் சொன்னதுதான்.

“கடைசி நட்டுக் கழட்டக்குள்ள வெளிய ஒராள் கண்ணாடியப் பிடிக்கணுமாம். இல்லாட்டி விழுந்து உடைஞ்சு போகுமாம்” என்று கத்தினாள்.

“அது விழாது மகளே” என்றார் நல்லரத்தினம் முன்னால் நின்று. “ரதீஸ்ர மதில் பிடிச்சிக்கொண்டு நிக்கிது.”

அந்த மதில் கட்டிய நாளிலிருந்து குடும்பத்துக்குச் செய்த முதலாவது உதவி அது. ரதீஸ் உரலில் நின்றபடி கையை விட்டுக் கண்ணாடியை மேலே தூக்கி எடுத்தான். அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையை ஒருக்கா வாரிக்கொண்டான்.

எல்மோவின் பக்கத்தில் அவ்வளவு சுகமில்லை. மூன்றாவது நட்டு அவர் விரலிலிருந்து நழுவி, ஓட்டைக்குள்ளால் கதவுக்குள் விழுந்தது. ‘கிலுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“அங்கிள், நட்டு விழுந்திட்டு.”

“விழல்ல. விட்டனான்” என்றார் எல்மோ. “மூண்டாவது நட்டு சும்மா அழகுக்குப் போடுறது.”

இதற்கிடையில் மத்தியானமாகிவிட்டது. எல்மோவுக்குப் பசித்தது. கண்ணகை மதிலுக்கும் யன்னல் கண்ணாடி இறக்கிய கதவுக்கும் இடையில் இருந்த இரண்டரை அங்குலத்தால் இடியப்பத்தை ஒவ்வொன்றாக, தபால் போடுவது போல உள்ளே போட்டாள். சொதியை அப்படிப் போட முடியாது. எல்மோ அதை ரப்பர் குழாயால் உறிஞ்சினார் என்று ரதீஸ் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது பொய். அவர் போத்தலில் வாங்கித்தான் குடித்தார்.

இரண்டே காலுக்கு இரண்டாவது கண்ணாடியும் வந்தது. நல்லரத்தினம் மீண்டும் கையைத் தூக்கினார். காது இரண்டும் இல்லாத கார், வெண்ணெயில் நூல் இறங்குவது போல ஒழுங்கையால் இறங்கி வளவுக்குள் வந்து நின்றது. எல்மோ இறங்கினார். கார் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது.

“நான் சொன்னனானெல்லா” என்றார் நல்லரத்தினம். “மூண்டு அங்குலம்.”

கண்ணகை அவரைப் பார்த்தாள். “அவங்கட கார் காதோட வருமே. என்ன செய்யப்போறீங்க?”

“வரட்டும். இந்தக் காரப் பாத்தா நம்புவார். அதுவும் இதுவும் ஒரே கார்தானே.”

அவர் முகத்தில் ஒரு கவலையும் தெரியவில்லை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ எல்லைச் சண்டைகளுக்கு நடுவே நாடாவோடு நின்ற மனிதர். கத்தி தூக்கியவனிடமும் “இந்தப் பக்கம் ஒள்ளுப்பம் இழுத்துப் பிடி மகன்” என்று நாடாவின் மறுமுனையைக் கொடுத்தவர். ஆனால் ஆர்த்திகா ஒன்றைக் கவனித்தாள். அவர் ஒழுங்கைக்குப் போய் யாரும் காணாமல் மறுபடியும் ஒருக்கா அளந்து பார்த்துவிட்டு வந்தார்.

நாலு மணிக்குச் சரியாக நிலோஜனின் கார் ஒழுங்கை வாசலில் வந்து நின்றது. போடியார் மட்டும் முதலில் இறங்கி நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. வளவுக்குள் நின்ற ஐரீனின் காரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“அட! எங்கட கார்ர மாதிரியே. இது இஞ்சயா நிக்கிற?”

“காலையில வந்தது. நிக்கிது” என்றார் நல்லரத்தினம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

போடியார் காரைச் சுற்றி வந்தார். நின்றார். “காது எங்க?”

நல்லரத்தினம் வாயைத் திறக்க முன்னர் எல்மோ முந்திக்கொண்டார். கதிரையில் இருந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, மிகவும் அமைதியாகச் சொன்னார்:

“முதலைக்குப் பயந்து கழட்டி வைக்கிறது.”

“முதலைக்கா?”

“வாவிக் கரையெல்லா? முதலை கண்ணாடிக்குள்ள இன்னொரு முதலையக் கண்டா விடாது. போன மாரியில என்ட சொந்தக்காரன் டரல்ர கார்ல பாஞ்சு கண்ணாடியோட கதவையும் கொண்டு போயிட்டு. அந்தக் கதவு இன்னும் வாவிக்குள்ளதான் கிடக்கு. சில நேரம் முதலை அதுக்குள்ளால எட்டிப் பாக்கும். அதுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியக் கழட்டி உள்ளுக்கு வைக்கிறதுதான் வழக்கம்.”

ரதீஸ் மதிலுக்கு மேலால், “ஓம் போடியார், பெரிய கரைச்சல்” என்றான்.

போடியார் எல்மோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கரடியனாற்று மனிதர். யானை குந்திய காருக்குச் சொந்தக்காரர். அப்படிப்பட்டவருக்கு ஒரு கதையைக் கேட்டவுடன் அதன் எடை தெரியும்.

“சரிதான்” என்றார் மெதுவாக. “எங்கட பக்கம் யானைக்குக் கார்ல குந்தத்தான் விருப்பம். உங்கட பக்கம் முதலைக்கு முகம் பாக்க விருப்பம். இருக்கட்டும். ஆனா ஒண்டு. வீட்டுக்கு வந்த மறுகாதானே கழட்டுறயள்? அப்ப இந்தக் கார் காதோடதான் ஒழுங்கையால வந்திரிக்கணும்.”

“ஓம்” என்றார் எல்மோ, கொஞ்சம் சத்தம் குறைந்து.

“அப்ப எங்கட காரும் காதோட வரட்டும். கூப்பிடட்டா நிலோஜன?”

கண்ணகை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். எல்மோ கோப்பைக்குள் பார்த்தார். அங்கே தேத்தண்ணி முடிந்திருந்தது. நல்லரத்தினத்துக்கு இன்னொரு முதலையைக் கொண்டு வர ஏலும். யோசிக்கக்கூடத் தேவையில்லை, நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அவர் வாக்குக் கொடுத்தது அளவைப் பற்றி. அளவு விஷயத்தில் அவர் வாழ்நாளில் ஒரு பொய் சொல்லவில்லை. அரை அங்குலத்துக்காகத் தன் சொந்தத் தம்பியோடு ஏழு வருடம் கதைக்காமல் இருந்தவர்.

“கூப்பிடாதீங்க” என்றார். “காதோட வராது போடியார். ஒழுங்கை அளந்தது சரி. கார் அளந்ததுதான் பிழை. நான் காரப் பாத்து அளக்கல்ல, பத்திரத்தப் பாத்து அளந்திட்டன். மடக்கினாலும் ரெண்டு அங்குலம் கூட வருது.”

கண்ணகை அவரைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருடத்தில் ‘பிழை’ என்ற சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு பக்கம் பாவமாகவும் மறுபக்கம் நல்ல சந்தோசமாகவும் இருந்தது.

போடியார் சால்வையை எடுத்து உதறி மறுதோளில் போட்டார். எழும்பப் போகிறவர்கள் செய்வது அது. “உண்மையச் சொன்னயள். நல்ல மனிசன்தான் நீங்க. ஆனா நானும் ஒரு சத்தியம் பண்ணினவன். வாறன்.”

“தேத்தண்ணி குடிக்கல்லயே” என்றாள் கண்ணகை.

“அது எங்க உங்கட மகள்?” என்றார் போடியார். “தேத்தண்ணி அவ தரட்டும், குடிச்சிட்டுப் போவம்.”

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஆர்த்திகா வளவில் இல்லை.

அவள் ஒழுங்கை வாசலில் நின்றாள். போடியார் “காது எங்க” என்று கேட்டபோதே அவள் போய்விட்டாள். நிலோஜன் காருக்குள் இருந்தான்.

“இறங்குங்க” என்றாள்.

“என்ன?”

“இறங்கி இந்தப் பக்கம் வந்து கண்ணாடியப் பிடிங்க. நான் உள்ளுக்கால கழட்டுறன். விட்டா உடையும்.”

நிலோஜனுக்கு அந்தக் கார் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. மழைத்துளி விழுந்தால் துளி துளியாகத் துடைப்பவன். தும்பி வந்து குந்தினால் அதன் கால் சுத்தமா என்று பார்ப்பவன். அவன் ஒருக்கா அவள் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான். ஒருக்கா ஒழுங்கையைப் பார்த்தான். இறங்கிப் போய், கண்ணாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

நல்லரத்தினமும் போடியாரும் ஒழுங்கையால் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தபோது இடது கண்ணாடி கழன்று பின்னாசனத்தில் கிடந்தது. வலது கண்ணாடியை நிலோஜன் ஏந்தி நிற்க, ஆர்த்திகா உள்ளேயிருந்து இரண்டாவது நட்டில் இருந்தாள். வாயில் முதலாவது நட்டை வைத்திருந்தாள்.

“டேய், என்னடா இது?” என்றார் போடியார்.

“கொஞ்சம் பொறுங்க மாமா” என்றான் நிலோஜன். “கையெடுத்தா விழும்.”

போடியார் மணிக்கூட்டைப் பார்த்தார். அது கோபத்தில் பார்த்ததா, நேரம் பார்த்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. கடைசி நட்டுக் கழன்றது. ஆர்த்திகா வாயிலிருந்த நட்டையும் சேர்த்து ஆறு நட்டையும் எண்ணி நிலோஜனின் சட்டைப் பைக்குள் போட்டாள். கதவுக்குள் ஒன்றும் விழவில்லை.

“நாலு நிமிசம்” என்றார் போடியார். “ஒரு காதுக்கு.”

நிலோஜன் ஏறினான். நல்லரத்தினம் கையைத் தூக்கவில்லை. ஒழுங்கைக்கு வெளியே ஒதுங்கி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் ஒழுங்கைக்குள் போனது. ரதீஸின் மதிலுக்கு ஒன்றரை அங்குலம், கட்டார்க்காரரின் மதிலுக்கு ஒன்றரை அங்குலம். வளவுக்குள் போய் ஐரீனின் காருக்குப் பக்கத்தில், காதில்லாத இன்னொரு காராக நின்றது.

போடியார் நடந்து போய் அதைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“அப்ப ஒவ்வொரு நாளும் கழட்டுறதா?”

“பின்னேரம் இவ கழட்டட்டும்” என்றான் நிலோஜன். “காலையில நான் பூட்டுறன்.”

“வெளிய ஒராள் பிடிக்கணும் மாமா” என்றாள் ஆர்த்திகா. “தனிய ஒராளுக்கு ஏலா.”

“கோவிச்சிக்கொண்டு கதைக்காம இருக்கிற நாளிலயும்?”

“அண்டைக்கும் பிடிக்கத்தான் வேணும்.”

போடியார் அதை யோசித்தார். அவருக்கு வீட்டில் வேறு அறையில் படுக்கிற மனைவி ஒருத்தி இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாக ஒரு பொருளைத் தூக்கியது எந்த வருடம் என்று நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். இருக்க வந்தவர்கள் செய்வது அது.

“நான் சத்தியம் பண்ணினது கார் தெருவில நிக்கக்கூடாது எண்டுதான்” என்றார். “காதப் பற்றி ஒண்டும் சொல்லல்ல. பஞ்சாங்கம் இரிக்கா?”

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நாள் வைத்தார்கள். கண்ணகை பலகாரத் தட்டை இரண்டாவது முறை நிரப்பினாள். எல்மோ முதலைக் கதையை மறுபடி எடுத்தார். இந்த முறை போடியார் அதற்கு ஒரு யானையைச் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு பேரும் நல்ல ஒற்றுமையாகிவிட்டார்கள்.

போகிற நேரம் வந்தது. காரைப் பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். பின்னால் பார்ப்பதற்குப் பக்கக் கண்ணாடியும் இல்லை.

“நான் இரிக்கன்” என்றார் நல்லரத்தினம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு கையையும் தூக்கினார். கார் பின்னுக்கு வர, அவரும் பின்னுக்கு நடந்தார். “வரலாம், வரலாம். இடது பக்கம் ஒள்ளுப்பம் திருப்பு. போதும். வரலாம்.”

பாதி ஒழுங்கையில் ‘சரக்’ என்று மெல்லிய ஒரு சத்தம்.

ரதீஸ் உரலில் ஏறி எட்டிப் பார்த்தான். “மாமா! மதில் சுரண்டுப்பட்டுப்போச்சு!”

நல்லரத்தினம் திரும்பவில்லை. கையை இறக்கவுமில்லை.

“கார்ல ஏதும் பட்டிரிக்கா எண்டு பாரு.”

ரதீஸ் குனிந்து பார்த்தான். “கார்ல ஒண்டுமில்ல.”

“அப்ப அளவு சரி” என்றார் நல்லரத்தினம். “வரலாம் தம்பி, வரலாம்.”